கருணை ஏணி

கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே மனித குலம் தோன்றிய நாள் முதல் நடந்துவந்த போர், திருப்பூர் அவிநாசி சாலையிலுள்ள ஒரு திருமண மண்டபத்தில், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நிரந்தரமாக முடிவுக்கு வந்தது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அமைச்சர் வந்து சேர ஒன்றேகால் ஆகிவிட்டதால் போர் இன்னும் இரண்டேமுக்கால் மணி நேரம் நீடித்தது. அதற்குள் பிரியாணி தீர்ந்து தயிர்சாதம் மட்டும் மிச்சமிருந்தது.

மேடையில் சுவரில்லாமல் ஒரு கதவு மட்டும் நிலையோடு நின்றது. அமைச்சர் பொத்தானை அழுத்தினால் கதவு மூடும், மறுபடி அழுத்தினால் திறக்கும் என்பது ஏற்பாடு. மூடியது. திறக்கவில்லை. அமைச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கூட்டம் கைதட்டியது.

கதவின் தகப்பன் என்று மாலை போடப்பட்டவர் தெய்வசிகாமணி. நொய்யல் மக்கள் வங்கியின் இடர் மேலாண்மைத் தலைவர். அதாவது, கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் என்ன செய்வது என்று கவலைப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். அவர் வேலையில் சேர்ந்த இருபத்தாறு வருடத்தில் மனை விலை மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருந்தது. ஏறும்போது வங்கி சுடுகாட்டை ஒட்டிய மனைக்கும் கடன் கொடுத்தது. இறங்கும்போது அதே மனையை ஏலத்துக்கு விட்டுச் செய்தித்தாளில் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டது. ஏலத்துக்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குழு அமைத்தார்கள். ஏறும்போதே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்று குழு அறிக்கை கொடுக்கும். அறிக்கை அச்சாகி வருவதற்குள் அடுத்த ஏற்றம் ஆரம்பித்திருக்கும்.

தெய்வசிகாமணி நடுவழியைக் கண்டுபிடித்தார். வீட்டை மொத்தமாகப் பிடுங்குவதால்தானே வம்பு? ‘துலா’ என்றொரு இயந்திரம் தினமும் காலையில் பதிவு அலுவலகத்துப் பத்திரங்களைப் படித்து, கடனில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைய விலையைச் சொல்லும். விலை கடனுக்குக் கீழே போனால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வீடு வங்கிக்குச் சொந்தம். அந்த அளவுக்கு அறைகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். விலை ஏறினால் தாமாகத் திறந்துகொள்ளும். ஜப்தி இல்லை, ஏலம் இல்லை, வாசலில் வந்து கத்தும் ஆள் இல்லை. எல்லா அறையும் ஒரே நாளில் பூட்டிக்கொண்டால் மனசு கஷ்டப்படும் என்பதால் வாரத்துக்கு ஒரு படி மட்டும், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு அவர் வைத்த பெயர் கருணை ஏணி.

எந்த அறை முதலில் என்று முடிவு செய்யப் பதினொரு பேர் கொண்ட குழு ஏழு முறை கூடியது. விருந்தினர் அறை முதலில் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. பூஜையறையைத் தொடக்கூடாது என்று ஒருவர் எழுந்து நின்றார். அப்படியானால் கடன் வாங்குகிறவன் எல்லா அறையிலும் ஒரு படத்தை மாட்டிவிடுவான் என்று இன்னொருவர் எழுந்து நின்றார். கடைசியில், கூடம், சமையலறை, ஒரு கழிப்பறை இவற்றை எந்த நிலையிலும் பூட்டுவதில்லை என்று தீர்மானமாகி, அதற்கு ‘மனித மாண்பு விதி’ என்று பெயரிட்டார்கள். பூட்டை உடைத்தால் வீடு முழுவதும் மூடிக்கொள்ளும் என்பது அதற்கு அடுத்த விதி.

தெய்வசிகாமணி மிகவும் பெருமைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான். துலாவின் கதவில் மனிதக் கை படாது. வங்கியின் தலைவரே நினைத்தாலும் ஒரு பூட்டைத் திறக்க முடியாது. திறக்க முடிந்தால் முதலில் திறக்கப்படுவது தலைவருடைய மைத்துனர் வீடாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் இரண்டு வருடம் ஒரு கதவும் மூடவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. காலையில் பல் துலக்கும்போதே போன் அடித்து, உங்கள் வீட்டின் மதிப்பு நேற்றிரவு எழுபதாயிரம் கூடியிருக்கிறது, அதன்மேல் கடன் வேண்டுமா என்று துலா இனிய குரலில் கேட்டது. ஊர் வேண்டும் என்றது. பூங்கொடி நகர் நான்காம் வீதியில் இருந்த தெய்வசிகாமணியின் அக்கா கனகமணியும் வேண்டும் என்றாள். வேண்டும் என்று சொல்லச் சொன்னதே தம்பிதான். கனகமணி வீட்டு முன்னறையில் ஆறு ஓவர்லாக் மெஷின் போட்டு பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் லோகநாதனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. கடன் பணம் அவருடைய வைத்தியத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் போனது.

மார்ச்சில் விலை இறங்கத் தொடங்கியது.

முதல் வெள்ளிக்கிழமைகளில் விருந்தினர் அறைகள் மூடின. பல வீடுகளில் இதைக் கொண்டாடவே செய்தார்கள். சம்பந்தி வீட்டாரிடம் எல்லாம் இனி நேரடியாக வங்கியைக் கைகாட்டிவிடலாம். பிறகு மாடி மூடியது. பிறகு படுக்கையறைகள். பாதி அறை பூட்டிக் கிடக்கும் வீட்டை எவன் வாங்குவான்? ஒருவரும் வாங்கவில்லை. வாங்காததால் விலை ஏற வழியில்லை. வங்கியில் மட்டும் திருவிழா. வாராக்கடன் என்ற பத்தியில் பூஜ்யம் வந்திருந்தது, வங்கியின் நாற்பது வருட வாழ்க்கையில் முதல் முறையாக. அதற்கு ஒரு விருது அறிவித்தார்கள். வாங்கிவரத் தலைவர் சிங்கப்பூர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணியின் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. திட்டத்தின் முதல் முன்மாதிரி வாடிக்கையாளர் என்று மேடையில் கையெழுத்துப் போட்டவர் அவர். இப்போது அவருடைய அடுக்ககத்தில் கூடமும் சமையலறையும்தான் மிச்சம். மனைவி சுகுணா சமையல் மேடைக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவரோடு பேச்சில்லை. ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பாள். மூன்றாம் அறையில் பையனுடைய புத்தகம் மாட்டிக்கொண்டபோது எழுதிய சீட்டில் ‘மாண்பு’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் கனகமணி போன் செய்தாள். அவள் வீட்டில் விருந்தினர் அறையும் முன்னறையும் ஏற்கெனவே மூடியாகிவிட்டன. இனி மூன்றாவது அறை என்றும், வருகிற வெள்ளி காலை பத்து மணிக்குள் காலி செய்து தரவும் என்றும் துலா செய்தி அனுப்பியிருந்தது. மூன்றாவது அறையில்தான் லோகநாதன் இருந்தார்.

தெய்வசிகாமணி போனபோது, கனகமணி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: “செருப்ப வெளியவே உடு தம்பி. உள்ள வெக்க எடமில்ல.”

இடமில்லைதான். முன்னறை மூடும் முன்பு ஆறு மெஷினையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க பனியன் துணியின் பஞ்சு பறந்தது. காலண்டர் மேல், சாமி படத்தின் மேல், தண்ணீர்க் குடத்தின் மூடி மேல், எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நிறுத்தவும் முடியாது. மெஷின் நின்றால் மாதத் தவணை நின்றுவிடும். தவணை நின்றால் கூடமும் சமையலறையும் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

லோகநாதனின் அறையில் பஞ்சு இல்லை. கதவிடுக்கில் ஈரத்துணி சொருகியிருந்தது. ஜன்னல்களில் பாலித்தீன் ஒட்டி, தரையை நாளுக்கு மூன்று முறை மருந்துத் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தாள் கனகமணி. லோகநாதன் கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிற்றிலிருந்து ஒரு குழாய். கம்பியில் தொங்கிய பையிலிருந்து இரண்டு லிட்டர் திரவம் அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை உள்ளே விட்டு, நான்கு முறை வெளியே எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்ட காலம் முடிந்துவிட்டது. ஊசி குத்த நல்ல ரத்தக்குழாய் இரண்டு கையிலும் இல்லை. இந்தக் குழாயின் வாயில் தூசி பட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் இரண்டு வாரம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வாடகைக்குத் தனி அறை தேடினார்கள். பாதி ஊர் வாடகை அறை தேடிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு யாரும் தரவில்லை.

“கதவச் சாத்தீட்டு வாங்க மாப்ளே,” என்றார் லோகநாதன். பிறகு பையைக் காட்டி, “நானும் உங்க பேங்கும் ஒண்ணுதான் பாத்துக்குங்க. உள்ள உடறது, வெளிய எடுக்கறது. நடுவுல தேங்குச்சுன்னா ஆள் காலி.”

தெய்வசிகாமணி சிரிக்க முயன்றார். சந்தை நிலவரம் தற்காலிகமானது என்றும், சுழற்சியின் அடித்தளத்தை எட்டிவிட்டோம் என்றும், அடுத்த காலாண்டில் மீட்சி தெரியும் என்றும் சொன்னார். அவர் பேசுகிற மாதிரி இல்லை. அவருடைய அறிக்கைகளில் ஒன்று பேசுகிற மாதிரி இருந்தது. கனகமணி துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தாள்.

“வெலை எறங்கிருச்சு எறங்கிருச்சுங்கற. யாரு வித்தா? இந்த நாலு வீதியில ஒரு லாரி வந்து சாமான் ஏத்தி நான் பாக்கலியே. வித்தாத்தான வெலை? ஒருத்தனும் விக்காம எப்பிடிடா எறங்கும்?”

அவரிடம் அதற்குப் பதிலிருந்தது. நாற்பது பக்கத்தில் இருந்தது. ஆனால் அந்த நாற்பது பக்கத்தில் யார் விற்றார் என்பது மட்டும் எங்கும் இல்லை என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை நேராகத் துலாவின் அறைக்குப் போனார். அதைப் பராமரிக்கிற பெண் நிலோஃபர். இரண்டு வருடமாக அவர் துறையில் இருந்தும் அவர் அவளிடம் பேசியது, விழாக்களில் படக்காட்சி ஓடாதபோது மட்டும்தான். அக்கா வீடு இருக்கும் பூங்கொடி நகரில் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்டார். ஏறியதற்கான காரணத்தை விளக்கி அவரே மூன்று மாநாட்டில் பேசியிருந்தார் என்பதை அவள் நினைவுபடுத்தவில்லை.

“ஏறினது வெலையே இல்லீங்க சார். எழுத்து,” என்றாள். “முன்னாடியெல்லாம் ஒரு கோடிக்கு வாங்கினாலும் பத்திரத்துல அம்பதுதான் எழுதுவாங்க. முத்திரைக் கட்டணம் மிச்சம், வரி மிச்சம். மீதி ரொக்கம். ஊருக்கே தெரியுமுங்களே. பத்திர வெலையப் பாத்துத்தான் கடன்னு நம்ம பேங்க் சொன்னதும், கடன் வேணுங்கறவங்க எல்லாம் முழுசா எழுத ஆரம்பிச்சாங்க. அம்பது நூறாயிருச்சு. நெலம் அப்பிடியேதான் கெடந்துச்சு.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்ப எறங்கினது?”

“ஒரே ஒரு பத்திரமுங்க. பிப்ரவரி கடைசியில. அஞ்சு சென்ட் காலி மனை, நாப்பத்தெட்டு லட்சம்னு எழுதியிருக்காங்க. கடன் வாங்கல. கடன் வேண்டாங்கறவங்க பழைய வழக்கப்படி பாதிதான எழுதுவாங்க. அதுக்கப்புறம் அந்த வட்டத்துல வேற விற்பனையே இல்ல. துலா என்ன பண்ணும், அதைத்தான் நம்புச்சு. பக்கத்து வட்டமெல்லாம் இதைப் பாத்து எறங்குச்சு. அதைப் பாத்து அதுக்குப் பக்கத்து வட்டம். சோமனூர் தாண்டிருச்சுங்க.”

யார் வாங்கினது என்று கேட்டார். பெயர் வராது என்றாள். தனியுரிமை என்று அவர்தான் மறைக்கச் சொல்லியிருந்தார். சர்வே எண் மட்டும் வரும். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா வீட்டுப் பக்கத்தில் தனி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அவரே வாங்கிய மனை. பூட்டு வைத்த கதவு எதுவும் இல்லாத வீடாகக் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கடனே வாங்காமல் வாங்கினார். பூர்வீகத் தோட்டத்தை விற்றதில் வந்த பணம் அது. தோட்டத்துப் பத்திரத்திலும் பாதிதான் எழுதியிருந்தது. எழுதாத பாதி ரொக்கமாக வந்ததால், வாங்கும்போதும் அதை எழுத வழியில்லை; இரண்டு துணிப்பைகளில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த சாயங்காலம் மனை விலைச் சுழற்சிகளின் முன்கணிப்பு பற்றி ரோட்டரி சங்கத்தில் உரை. நல்ல கூட்டம்.

அந்தப் பத்திரத்தைத் திருத்தினால் என்னவாகும் என்று கேட்டார்.

“உண்மையான வெலையப் போட்டுத் திருத்தல் பத்திரம் பதிஞ்சா, மறுநா காலைல துலா எடுத்துக்கும். அந்த மனை வெலை எண்பத்துநாலு லட்சம் தாண்டினா உங்க அக்கா ஊட்டு ரூம் தப்பிச்சுக்குமுங்க. இன்னைய கணக்குக்குச் சொல்றேன்.” நிலோஃபர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “வாங்கினவரு உள்ளதை உள்ளபடி எழுதிட்டாப் போதும். அவரு யாருன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு எழுந்துபோய் அவருக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வருடத்தில் அவள் அவருக்குக் காபி கொண்டுவந்தது அதுதான் முதல் முறை. அவளுக்குத் தெரியும் என்பது அதில் அவருக்குத் தெரிந்தது.

திருத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கணக்கில் வராத ரொக்கம் கொடுத்ததாக ஒரு வங்கி அதிகாரி தானே எழுதிக் கொடுப்பது. வேலை போகும். ஓய்வூதியம் நிற்கும். வருமான வரிக்காரர்கள் வருவார்கள், தோட்டத்து விற்பனை வரை தோண்டுவார்கள். அன்றைக்கு மத்தியானமே ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘தார்மீகப் பொறுப்பேற்று’ என்று எழுதினார். அது அழகாக இருந்ததால் ஒரு நிமிடம் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டார்.

தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று போனார். தலைவர் விருது விழாவுக்குக் கோட்டு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி மாவட்டத்தின் விலைச் சரிவுக்குக் காரணம் ஒரு பத்திரம் என்பதை அமைதியாகக் கேட்டார். கைகளை உயர்த்திக்கொண்டே, எதுவாக இருந்தாலும் விழா நடக்கும் பத்தாம் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

திருத்தல் பத்திரத்துக்கு விற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் ராக்கியப்பன், சாயப்பட்டறைக்காரர். புதன்கிழமை பட்டறை வாசலில் இரண்டரை மணி நேரம் காக்கவைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை; கவலை வந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இருபது வருடமாக நிலம் விற்கிறார், விலையைக் குறைத்து எழுதச் சொல்லிக் காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார், ஏற்றி எழுதச் சொல்லி யாரும் வந்ததில்லை. பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது.

“உங்குளுக்கு வரி வந்தா எனக்கும் வரும். நீங்க செத்துப் பொழைக்கறதுக்கு நான் எதுக்குங்க சாகோணும்?”

அவருக்கு வருகிற வரி, அபராதம் எல்லாவற்றையும் தானே கட்டுவதாகத் தெய்வசிகாமணி சொன்னார். ராக்கியப்பன் அதை எழுதித் தரச் சொன்னார். அத்தோடு சுகுணாவின் இருபத்திரண்டு பவுனை ஈடாகக் கேட்டார். தெய்வசிகாமணி வீட்டுக்குப் போய் சமையல் மேடைக்குக் கீழே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். சுகுணா நகைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்து, “அண்ணனுக்காகத்தான்,” என்றாள். லோகநாதன் அவளுக்கு அண்ணன் முறை.

வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகம். சார்பதிவாளர் ஞானசௌந்தரி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுத்தார். இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றார் தெய்வசிகாமணி. வாங்கிய விலை அதிகம் என்று வாங்கியவரே வந்து சொல்வதற்குக் கணினியில் இடமில்லை. விலையைக் குறைக்க மூன்று பட்டன் இருந்தது. ஏற்ற ஒன்றுமில்லை. ஞானசௌந்தரி கோவைக்குப் போன் செய்தார். கோவை சென்னைக்குச் செய்தது. அதற்குள் விஷயம் பரவி, வில்லங்கச் சான்று வாங்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் அருகில் வந்து மெதுவாக, “சாருக்கு ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?” என்று கேட்டார்.

மூன்றரை மணிக்கு ஒரு பழைய சுற்றறிக்கை கிடைத்தது. விலையை எழுதச் சொன்னார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எண்பத்தெட்டு லட்சம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். ராக்கியப்பன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூடுதல் விலைக்கு முத்திரையும் பதிவுமாக நூற்றுக்கு ஒன்பது. அதைச் சேமநலநிதியில் எடுத்த முன்பணத்திலிருந்து கட்டினார். ஞானசௌந்தரி முத்திரை குத்தும்போது அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததா பரிதாபம் இருந்ததா என்று சொல்வது கஷ்டம். அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் ஒன்றாம் தேதி, காலை ஒன்பதேமுக்காலுக்கு அவர் அக்கா வீட்டில் இருந்தார். மெஷின்களை நிறுத்தச் சொல்லியிருந்தார். இரண்டு தையல் பெண்களும் வாசலில் நின்றார்கள். அவர் பத்திரத்தைத் திருத்திய கதையைக் கனகமணியிடம் சொல்லியிருந்தார், எல்லாவற்றையும். சரிவை ஆரம்பித்த பத்திரம் யாருடையது என்பது உட்பட. அவள் திட்டவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “ரூம் நிக்குமா?” என்று மட்டும் கேட்டாள். நிற்கும் என்றார். எண்பத்துநாலு போதும், நான்கு லட்சம் உபரியாகவே வைத்திருக்கிறேன் என்றார். பாதுகாப்பு விளிம்பு என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டார்.

பத்து மணி.

முதலில் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. ‘டக்’ என்று ஒரு பூட்டு விலகும் சத்தம். பிறகு பக்கத்து வீட்டில். பிறகு வீதி முழுக்க, வரிசையாக. ஒருவர் மாடிக்கு ஓடினார். யாரோ அழுதார்கள். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வீதிக்கே வந்து காட்டினாள். தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்தது. அவருடைய இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தால் ஒரு கதவு திறப்பதை அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது அறையிலிருந்து துலாவின் இனிய குரல் கேட்டது. பயனாளர் உடனே வெளியே வருமாறு கேட்டுக்கொண்டது.

அவர் நிலோஃபருக்குப் போன் செய்தார். எண்பத்தெட்டைத் துலா எடுத்துக்கொண்டுவிட்டது என்றாள் அவள். கடன் குறைவாக உள்ள வீடுகளுக்கெல்லாம் அது போதும். ஆனால் இன்று அரையாண்டுத் தொடக்கம். பூட்டிய அறைகளின் பராமரிப்புக் கட்டணம், ஆறு மாதத்துக்குச் சேர்த்து, காலையில்தான் கடனோடு ஏறியிருக்கிறது. அந்த வீட்டுக்கு இப்போது எண்பத்தொன்பதரை வேண்டும்.

“அந்தக் கட்டணம் உங்க சுற்றறிக்கைதானுங்க சார்,” என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. “உள்ளதையே எழுதியிருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்குமுங்களா?”

அவர் போனை வைத்தார்.

லோகநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். பையில் இன்னும் பாதி திரவம் இருந்தது. கனகமணி புடவைத் தலைப்பால் குழாயின் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே நடந்தாள். கூடத்தில் ஒரு மெஷின் முன்னாலிருந்த ஸ்டூலைத் தையல் பெண் இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் ஸ்டூலிலிருந்து கொஞ்சம் பஞ்சு எழும்பி, காற்றில் மிதந்து, அவருடைய லுங்கியின் மேல் இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கதவு மூடிக்கொண்டது. நல்ல கதவு, சத்தமே வரவில்லை.

“உடுங்க மாப்ளே,” என்றார் லோகநாதன். “உங்களால முடிஞ்சதப் பண்ணீட்டீங்க.”

வீதியில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். கனகமணி குழாயிலிருந்து கையை எடுக்காமலே தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த எடத்த நெசமா எவ்வளவுக்குத்தாண்டா வாங்கின?”

தொண்ணூற்றாறு லட்சத்துக்கு வாங்கியிருந்தார். எட்டு லட்சத்தைக் குறைத்து எழுதியதில் எழுபத்திரண்டாயிரம் ரூபாய் மிச்சமானது.